நாலு இருபதுக்கு வந்திருக்க வேண்டியவள்

பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிற டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தாறு வருஷமாக டிக்கெட் போடுகிறவரை எல்லோரும் மைலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் நடுவில் எத்தனை மைல், எத்தனை மணி நேரம், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார். முதலாளி புதிதாக வருகிறவர்களிடம், "அவர்கிட்ட கேளுங்க. நம்ம கம்ப்யூட்டர் கண்ணைக் கசக்கிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள சொல்லிடுவாரு" என்பார்.

எதிரே உட்கார்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் சார் ஆகும்?" என்றுதான். மைலண்ணன் உடனே பதில் சொல்ல மாட்டார். "பறக்கற நேரத்தைக் கேக்கறீங்களா, போய்ச் சேர்ற நேரத்தைக் கேக்கறீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். அவர்கள் விழிப்பார்கள். அது அவருக்குப் பிடிக்கும். விமானம் வானத்தில் இருக்கிற நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு கிளம்புகிறவன் ஏமாந்து போவான் என்று விளக்குவார். விமான நிலையத்துக்குப் போகிற நேரம், மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் நிற்கிற நேரம், மாறி ஏறும் ஊரில் காத்துக் கிடக்கிற நேரம், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற வரிசை, பெட்டி வருகிற வரைக்கும் சுற்றுகிற பட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். அவருடைய மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "முக்குக் கடைக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரம்னு கேட்டா, பையைத் தேடற நேரத்தையும் சேர்த்துச் சொல்ற மனுஷன்."

அப்பேர்ப்பட்டவருடைய கணக்கு ஒரே ஒரு தடவை தப்பாகப் போனது. தப்பாகப் போனது என்று சொல்வதுகூடப் பொய்தான். அவர் அதைத் தெரிந்தேதான் தப்பாகச் சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை. நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பூமியின் அந்தப் பக்கத்துக்குப் போனவள். இங்கே விடிந்தால் அங்கே பொழுது சாயும். வழியோடு சேர்த்து எட்டாயிரத்து எண்ணூறு மைல். அம்மா பக்கவாதம் வந்து படுத்தபோது பாப்பா வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது மைலண்ணனும் மனைவியும், பகலில் துணைக்கு வரும் நர்ஸக்காவும்தான்.

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகுக்குப் பவுடர் போடுவது அவருடைய வேலை. கஞ்சியை வடிகட்டிக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பதும் அவர்தான். அம்மா சில நாள் வாயைத் திறக்காமல் அடம் பிடிப்பாள். சில நாள் துப்புவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்ததும் நர்ஸக்காவிடம், "தலையை வாரி விடு, சின்னவ போன்ல வருவா" என்பாள். போனில் பாப்பாவின் முகம் தெரிந்ததும் கோணிப் போன வாயோடு அப்படி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் நிற்கிறவர் மைலண்ணன். கை கடுக்கும். அந்தச் சிரிப்பைப் பக்கவாட்டில் இருந்துதான் அவர் பார்த்திருக்கிறார்.

இதையெல்லாம் அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. குறையாக நினைத்ததாகக்கூட அவருக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் அலைக்கழிக்க வேண்டாம். சாயங்காலம் தாண்டறதே கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். மைலண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. பாப்பாவுக்குப் போன் போட்டார். அங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் எடுத்தவள் ஒரே வாக்கியத்தில் முழுசாக விழித்துக்கொண்டாள்.

"நான் வரவாண்ணா? இப்பவே கிளம்பறேன். வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்துச் சொல்லு."

மடிக்கணினியைத் திறந்தார். திரையில் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, இன்னும் ஏழு மணி நேரத்தில் கிளம்புகிற விமானம். பதின்மூன்று மணி நாற்பது நிமிஷம் பறந்து நடுவில் ஒரு ஊரில் இறங்கும். அங்கே மாறி ஏற ஒரு மணி ஐம்பது நிமிஷம். அப்புறம் நாலு மணி நேரம். பெட்டி, வரிசை, டாக்ஸி எல்லாம் சேர்த்து, புதன்கிழமை மாலை நாலு இருபதுக்கு வாசலில் வந்து நிற்கலாம். மொத்தம் இருபத்தொன்பது மணி நேரம். இன்னொன்று வேறு ஊர் சுற்றி வருவது, முப்பத்தெட்டு மணி நேரம்.

மைலண்ணன் சொன்னார்: "முப்பத்தெட்டு மணி நேரம் ஆகும் பாப்பா."

"வேற வழியே இல்லையா?"

"இல்ல. சாயங்காலம் தாண்டறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ நடுவானத்துல இருக்கறப்ப இங்க முடிஞ்சுடும். தனியா அழுதுக்கிட்டு வருவே. வேண்டாம். நான் இருக்கேன்ல."

ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் அவள் எப்படி அந்தப் பெரிய விமான நிலையத்தில் மாறி ஏறுவாள், தவறவிட்டால் என்ன ஆவாள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டார். ஆனால் அதே மாறுதலுக்கு அதே ஊர் வழியாக எத்தனையோ பேரை அவர் அனுப்பியிருக்கிறார். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் ஓடாமல் ஆடாமல் ஏறியிருக்கிறார்கள்.

சாயங்காலம் வந்தது. அம்மா போகவில்லை. இரவும் கழிந்தது. பாப்பா விடாமல் போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும், "இப்பக் கிளம்பினா?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த நிமிஷத்திலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமே எங்க பாப்பா" என்பார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நர்ஸக்கா வந்து அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தபோது அம்மா கண்ணைத் திறந்தாள். மூச்சு சற்று அடங்கியிருந்தது. மகனைப் பார்த்தாள். பேச்சு குழறினாலும் புரிந்தது.

"சின்னவளுக்குச் சொன்னியா?"

"சொன்னேன்மா."

"வர்றாளா?"

இல்லை, நான்தான் வர வேண்டாம் என்றேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வாய் தானாகத் திறந்தது. "கிளம்பிட்டாம்மா. ப்ளேன்ல இருக்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல நடு ஊர்ல இறங்கிடுவா. அங்க மாறி ஏறணும்."

அம்மாவின் முகத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பில் பாதி வந்தது. இந்தத் தடவை அவரை நேருக்கு நேர் பார்த்து வந்தது.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. சமையலறைக்குள் போய் எடுத்தார். பாப்பாவின் குரல் கம்மிப் போயிருந்தது. "அண்ணா, போனை அம்மா காதுல வை. நினைவு இல்லாட்டியும் பரவாயில்ல, நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

பக்கத்து அறையில் அம்மா நர்ஸக்காவிடம் என்னவோ கேட்பது அவருக்குக் கேட்டது. விமானத்தில் இருக்கிறவள் எப்படிப் போனில் பேசுவாள்?

"வேண்டாம் பாப்பா. கொஞ்சமும் நினைவே இல்ல. மூச்சு மட்டும்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்புப் பக்கம் மனைவி நிற்கிறாள். "என்னங்க இது? அத்தை முழிச்சிருக்காங்க. ஒரு வார்த்தை பேச விடக் கூடாதா?"

"அம்மாகிட்ட அவ ப்ளேன்ல வந்துட்டிருக்கான்னு சொல்லிட்டேன்."

மனைவி அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பாலைப் பொங்கவிட்டதுகூடத் தெரியாமல் நின்றாள்.

அன்று முழுக்க மைலண்ணன் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து யாரும் ஏறாத ஒரு விமானப் பயணத்தை நடத்திக்கொண்டிருந்தார். எட்டரைக்கு அம்மா, "இறங்கிட்டாளா?" என்றாள். இறங்கிவிட்டாள் என்றார். "தனியா மாறி ஏறத் தெரியுமா அவளுக்கு?" என்றாள். பலகையில் பெரிசாகப் போட்டிருக்கும் அம்மா, அவளுக்குத் தெரியும் என்றார். அம்மா தூங்கினாள். பத்து மணி ஆனது. ஒன்பது ஐம்பதுக்கு அந்த இரண்டாவது விமானம் அங்கே நிஜமாகவே கிளம்பியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதில் ஏதோ ஒரு இருக்கை காலியாக வரும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்றரைக்கு அம்மா கண் விழித்தாள். "இப்ப எங்க?"

இன்னும் இருபது நிமிஷத்தில் இந்த ஊரில் இறங்குவாள் என்பதுதான் கணக்கு. அதைச் சொன்னால் நாலு இருபதுக்கு வாசல் மணி அடிக்க வேண்டும்.

"அந்த ரெண்டாவது ப்ளேன் கிளம்பலைம்மா. ஏதோ ரிப்பேராம். நாளைக்குக் காலையிலதான் அடுத்தது."

அம்மா, "பாவம். அங்கயே உக்காந்திருக்காளா? ஏதாவது சாப்பிட்டாளா?" என்றாள்.

"சாப்பிட்டாம்மா. அவங்களே குடுத்துடுவாங்க."

"படுக்க இடம் இருக்குமா?"

"நீளமா பெஞ்சு போட்டிருப்பாங்க."

"குளிருமே. போர்வை எடுத்துட்டு வந்தாளோ என்னமோ" என்று முனகிக்கொண்டே கண்ணை மூடினாள்.

நாலு மணிக்கு மைலண்ணன் ஜன்னலோரம் போய் நின்றார். நாலு இருபதுக்குத் தெருவில் ஒரு டாக்ஸி வந்தது. அவர் வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தார். எதிர் வீட்டுக்காரர் காய்கறி மூட்டையோடு இறங்கினார்.

வியாழக்கிழமை காலை அம்மா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "கிளம்பிட்டாளா?"

"ஏறிட்டாம்மா. வந்துட்டே இருக்கா."

"அப்ப சரி" என்றாள். பிறகு பேசவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மூச்சு நின்றது. டாக்டர் நாள் குறித்துப் போன நேரத்திலிருந்து ஐம்பது மணி நாற்பது நிமிஷம். எண்ண வேண்டாம் என்று நினைத்தும் மூளை தானாக எண்ணிவிட்டது. இருபத்தொன்பது மணி நேர வழியில் வந்திருந்தால் பாப்பா அம்மாவோடு கிட்டத்தட்ட ஒரு முழு நாள் இருந்திருப்பாள். அவர் பெரிசாகச் சொல்லி மிரட்டிய முப்பத்தெட்டு மணி நேர வழியில் வந்திருந்தால்கூடப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும்.

பாப்பாவுக்குச் சொன்னார். அவள் கத்தி அழுதுவிட்டு, "முகத்தையாவது பார்க்கணும். எனக்காக வச்சிருங்க" என்றாள். அவரே டிக்கெட் போட்டார். அன்றைக்கு இடம் இருந்தது ஒரே ஒரு வழியில்தான். அதே ஒரு மணி ஐம்பது நிமிஷம் மாறுகிற வழி. பட்டனை அழுத்தினார்.

பாப்பா வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கே வந்துவிட்டாள். இறுதிக் காரியங்கள் முடிந்தன. மறுநாள் காலை டீ குடிக்கும்போது மனைவி பேச்சை மாற்றுவதற்காக, வழியில் சிரமமாக இருந்ததா என்று கேட்டாள். "இல்ல அண்ணி. மாறி ஏறற இடத்துல நிறைய நேரம் இருந்துச்சு. மெதுவா நடந்து போயி, முகம் கழுவி, காபிகூடக் குடிச்சேன்" என்றாள் பாப்பா. மைலண்ணன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஐந்தாம் நாள் நர்ஸக்கா தன் பையையும் மாற்றுப் புடவையையும் எடுத்துப் போக வந்தாள். மைலண்ணன் ஆபீசில் இருந்தார். நர்ஸக்கா நல்ல மனுஷி, ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "அந்தப் ப்ளேன் மட்டும் ரிப்பேர் ஆகாம இருந்திருந்தா புதன்கிழமையே வந்திருப்பீங்கம்மா. நீங்க பெஞ்சுல படுத்திருப்பீங்களே, குளிருமேன்னு அம்மா ஒரே கவலைப்பட்டாங்க."

பாப்பா நர்ஸக்காவை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை, தலைவலி என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மைலண்ணனுக்கு எதிரே, டிக்கெட் போட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, என் வீட்டுலேர்ந்து இங்க வந்து சேர எத்தனை மணி நேரம்?"

"பாப்பா, வீட்டுல போய்ப் பேசலாம்."

"வீட்டுல அம்மா கட்டில் கெடக்கு. அதைப் பார்த்துக்கிட்டு என்னால கேக்க முடியாது. சொல்லு."

"இருபத்தொம்பது."

"அந்தச் செவ்வாய்க்கிழமை?"

"அன்னைக்கும் இருபத்தொம்பதுதான்." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியாமச் சொல்லல. ரெண்டு வழியும் என் கண்ணு முன்னால இருந்துச்சு."

"ஏன்ணா?"

மாறி ஏற நேரம் குறைச்சல், நீ தடுமாறிப் போவே என்று ஆரம்பித்தார். "அதை உங்கிட்ட டிக்கெட் போட வர்றவங்ககிட்ட சொல்லு" என்றாள். முதலாளி எழுந்து, வெளியே ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

கதவு மூடியதும் மைலண்ணன் சொன்னார். "நீ வந்தா அம்மா உன்னைத்தான் பார்ப்பாங்க. நான் மூணு வருஷம் பக்கத்துல இருந்தேன். கடைசியா ஒரு நாளாவது என்னைப் பார்க்கட்டும்னு... அப்ப இப்படித் தோணினதே எனக்குத் தெரியாது பாப்பா. புதன்கிழமைதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாம் கை மீறிப் போயிடுச்சு."

"நினைவே இல்லன்னு சொன்னியே. நான் போன்ல கெஞ்சினேனே."

"பக்கத்து ரூம்ல பேசிட்டிருந்தாங்க."

பாப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "அம்மா என்னென்ன கேட்டாங்க? ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள்.

அவர் சொன்னார். சொன்னியா, வர்றாளா, இறங்கிட்டாளா, தனியா மாறி ஏறத் தெரியுமா, இப்ப எங்க, சாப்பிட்டாளா, படுக்க இடம் இருக்குமா, குளிருமே, கிளம்பிட்டாளா. கடைசியாகச் சொன்ன "அப்ப சரி"யையும் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், நேரில் கேட்டு அம்மாவுக்குப் பதில் சொல்வதுபோல.

"அந்த நேரமெல்லாம் நான் என் வீட்டு அடுப்படியில போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன்" என்றாள். "பெட்டிகூடக் கட்டி வச்சிருந்தேன்ணா. நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு."

பெட்டி கட்டி வைத்திருந்த விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனையோ பேர் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்று தண்ணீர் எடுக்க அவர் எழுந்திரிக்கவில்லை. பாப்பாவே எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து ஊருக்குத் திரும்பினாள். விமான நிலையத்துக்கு அண்ணி மட்டும் வந்தால் போதும் என்றுவிட்டாள். அதன் பிறகு அண்ணிக்குத்தான் போன் செய்வாள். மைலண்ணன் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், "சரி அண்ணி, வச்சிடறேன்" என்பாள்.

ஆபீசில் அவர் பேச்சு குறைந்து போயிற்று. யாராவது அரக்கப் பரக்க வந்து, "அப்பாவுக்கு முடியல சார், போய்ச் சேர முடியுமா?" என்றால் முடியும், முடியாது என்று எதுவும் சொல்வதில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். "இவ்வளவுதான் வழி. நீங்களே பாருங்க. எனக்குத் தோணறது, கிளம்பிடுங்க" என்பார். ஒருவர் அப்படிப் போய் அரை நாள் தாமதமாகச் சேர்ந்து, திரும்பி வந்து ஆபீசில் வைத்துச் சத்தம் போட்டார். மைலண்ணன் எழுந்து நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். முதலாளி நடுவில் பேச வந்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

ஒன்பது மாதம் கழித்து, ஒரு வேலை நாளில், ஆபீஸ் போனில் பாப்பாவின் குரல் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"என்கூட வேலை பார்க்கறவ ஒருத்தி. அவ அம்மா சீரியஸா இருக்காங்க. உங்க ஊர்லேர்ந்து ரெண்டு மணி நேரத் தூரம். வழி பார்த்துச் சொல்லு. இருக்கற எல்லா வழியும் சொல்லு."

"சொல்றேன்" என்றார். மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும், கிளம்புகிற நேரம், மாறுகிற நேரம், வீட்டு வாசலில் நிற்கிற நேரம் என்று நிதானமாகப் படித்தார். குறைந்த நேரம் ஆகிற வழியை முதலில் படித்தார். அந்தப் பக்கம் பாப்பா யாருக்கோ அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. ஒரு பெண் விசும்புவதும் கேட்டது.

"முதல் வழியே போடு" என்றாள் பாப்பா.

போட்டார். அடுத்த இரண்டு நாளும் அந்த விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"பார்த்துட்டாளாம். அவங்க அம்மா பேசினாங்களாம்" என்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

"சரி, எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மைலண்ணன் போனை அதன் இடத்தில் வைத்தார். எதிரே ஒரு வயதான தம்பதி உட்கார்ந்து, மகனைப் பார்க்கப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்.